முதலாளிக்கும் மடி பார்க்க வேண்டும்

1

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மேற்கொண்டு எழுதுவது சுலபம். மெல்பர்னுக்கு வந்து இத்தனை வருடமாகியும் இங்கே வாணவேடிக்கை என்றால் நான் வீட்டுக்குள் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். "சிவகாசிக்காரிக்குப் பட்டாசு பயமா?" என்று தெரிந்தவர்கள் கேலி செய்வார்கள். சிவகாசிக்காரிக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும்? வெடிச்சத்தம் கேட்டதும் சாப்பிட்ட கையோடு மொட்டைமாடிக்கு ஓடி, எந்தத் திசையில் புகை என்று பார்த்து, அந்தப் பக்கம் நம் ஆட்கள் யார் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பயம் புரியும்.

இதை எழுத வைத்தது எங்கள் கடையின் ஏழாவது ஆண்டு நிறைவு. கடை என்றால் சின்ன அச்சுக்கடை. ஸ்டிக்கர், லேபிள், கல்யாணப் பத்திரிகை, ஹோட்டல்களுக்கு மெனு கார்டு. இந்தப் பக்கத்தில் இட்லி மாவு விற்கிற நம்மவர்கள் பலருடைய பாக்கெட்டில் ஒட்டியிருக்கும் லேபிள் நான் அடித்துக் கொடுத்தது. என் வீட்டுக்காரர் வேனை எடுத்துக்கொண்டு டெலிவரிக்குப் போவார். மற்றதெல்லாம் என் தலையில். டிசைன் போடுவது, மிஷின் ஓட்டுவது, வெட்டுவது, மடிப்பது, வாடிக்கையாளர் திட்டினால் வாங்கிக்கொள்வது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரிக் கணக்கு அனுப்புவது. அந்த வரிக்காரர்களுக்குப் போன் போட்டால் பாட்டுப் போடுவார்கள். காதில் பாட்டை வைத்துக்கொண்டே நான் ஒரு கட்டு லேபிள் வெட்டி முடித்துவிடுவேன்.

சொந்தத் தொழில் செய்தால் யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம் என்று ஊரில் பெருமையாகச் சொல்வோம். எனக்கு வாய்த்த முதலாளி நானே. இவளைப்போல ஒரு கல்நெஞ்சக்காரியிடம் நான் இதுவரை வேலை பார்த்ததில்லை. காய்ச்சலுக்குக்கூட லீவு கொடுக்கமாட்டாள்.

போன வருடக் கடைசியில் நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அடித்தது. டாக்டரம்மாவிடம் போனேன். படபடப்பு என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், என் நெஞ்சு ஓடுகிறது என்று சொன்னேன். "எங்கே ஓடுகிறது?" என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனுஷி. இதயத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, உங்களுக்கு நோய் ஒன்றுமில்லை, வேலைதான் உங்களைத் தின்கிறது, குறையுங்கள் என்று ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்தார். அட்டையில் பாதி கருகி வளைந்த ஒரு தீக்குச்சியின் படம். எங்கள் ஊர்க்காரிக்கு இதைத்தானா கொடுக்க வேண்டும்? போதாக்குறைக்கு அச்சும் சரியில்லை. சிவப்பு மை ஒரு நூல் அளவு விலகி விழுந்திருந்தது. அதைக் கொண்டுவந்து மிஷின் எண்ணெய் டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன். எண்ணெய் சிந்தாமல் இருக்க உதவியது.

2

என் தம்பி ரத்தினவேல் சிவகாசிக்குப் பக்கத்தில் நாரணாபுரத்தில் சின்னதாக ஒரு பட்டாசு யூனிட் வைத்திருக்கிறான். அப்பா ஆரம்பித்தது. தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொரு அறை வாசலுக்கு மேலும் சிவப்பில் எண். உள்ளே கறுப்பு ரப்பர் விரிப்பு. ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் உட்காரலாம் என்று கணக்கு. வெடிமருந்தை நாங்கள் வெறுமனே மருந்து என்றுதான் சொல்வோம். அந்த மருந்தைக் கலக்குவதும் அடைப்பதும் வெயில் ஏறுவதற்குள் நடக்க வேண்டும். காலையில்தான் அங்கே உயிரான வேலை.

வாசலில் ஒரு வழக்கம் உண்டு. மடி பார்ப்பது. பீடி, தீப்பெட்டி, இப்போது போன் என்று பொறி கிளப்பக்கூடிய எதுவும் உள்ளே போகக் கூடாது. யாராக இருந்தாலும் மடியை உதறிக் காட்டிவிட்டு, சட்டைப்பையைத் தட்டிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்கலாம். அப்பா இருந்தவரை, காலையில் முதல் ஆளாக இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வாட்ச்மேன் முன்னால் நிற்பவர் அவர்தான். எனக்கு அது சிரிப்பாக இருக்கும். தன் கம்பெனிக்குள் போக ஒரு மனுஷன் இப்படி நிற்பானா என்று தோன்றும்.

இந்த சீசனில் தம்பியின் போர்மேன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். உள்ளே நின்று வேலையைக் கவனிக்க வேண்டிய ஆள் அவர். புது ஆள் கிடைக்கவில்லை. தம்பிக்கும் அந்தப் பயிற்சியும் சான்றிதழும் உண்டு என்பதால், "நானே பாத்துக்கிறேன்" என்று இறங்கிவிட்டான். காலையில் போர்மேன், மதியம் லைசென்ஸ் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைபவன், சாயங்காலம் லாரியில் லோடு ஏற்றுபவன், இதற்கு நடுவில் எந்நேரமும் வடக்கத்தி டீலர்களுக்குப் பதில் சொல்பவன்.

அவன் மனைவி ஜெயந்தி எனக்குப் போன் செய்தாள். அவளாகக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. அதனால் பேரைப் பார்த்ததுமே கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எடுத்தேன்.

"மதினி, நல்லா இருக்கீகளா? ஒண்ணும் ஆகல, பதறாதீக. உங்க தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். சாப்பிட்டுட்டு, சாப்பிடலைன்னு திரும்ப வந்து உக்காருறாக. செருப்பு ஒண்ணும் ஷூ ஒண்ணும் மாட்டிக்கிட்டு வண்டி எடுக்குறாக. புள்ளைக ஏதாச்சும் கேட்டா அந்தக் கத்து கத்துறாக. நா சொன்னா கேக்க மாட்டேங்குறாக. எனக்குப் பயமா இருக்கு மதினி. வேற தொழிலுன்னா பரவால்ல."

வேறு தொழில் என்றால் பரவாயில்லை. அந்த ஒரு வாக்கியம் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இங்கே என் கடையில் நான் தூங்கி விழுந்தால் ஒரு கட்டுக் காகிதம் வீணாகும் என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன். அங்கே முதலாளியின் களைப்பு எண் போட்ட ஒவ்வோர் அறைக்குள்ளும் அவனோடு சேர்ந்து போகிறது.

தம்பியைக் கூப்பிட்டு, "ஏலே, கொஞ்சம் ஓய்வு எடுலே" என்றேன். "சரிக்கா, சீசன் முடியட்டும்" என்றான். "நீ எடுக்கியா?" என்று கேட்டான். "நானும் இந்த ஆர்டர் முடியட்டும்னு இருக்கேன்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துவிட்டு வைத்துவிட்டோம்.

3

ஆண்டு நிறைவு அன்று கடையில் சாமி படத்துக்குப் பூப் போட்டு, வீட்டில் செய்துகொண்டு வந்த சர்க்கரைப் பொங்கலை வைத்தேன். பள்ளி விடுமுறை என்பதால் மகள் யாழினி கவுண்டரில் இருந்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. பொங்கலைப் பார்த்துவிட்டு, "இதுல எவ்வளவு சுகர் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அவளுக்கும் இந்த நாளுக்கும் சம்பந்தமில்லை. கடை ஆரம்பித்தபோது, மிஷினுக்குப் பின்னால் அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்து விளையாடிய பிள்ளைதான்.

யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. தம்பிக்கு வீடியோ காலில் போட்டேன். எனக்கு மதியம், அவனுக்குக் காலை. அந்த நேரத்தில் அவன் எடுக்கமாட்டான், வெளியே வந்ததும் பார்ப்பான் என்றுதான் போட்டேன். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே, சும்மா நிற்பானேன் என்று கட்டிங் மிஷினில் ஒரு கட்டு வெட்டினேன். கத்தி இறங்கிக்கொண்டிருந்தது. அவன் எடுத்துவிட்டான்.

"என்னக்கா, சொல்லு."

"ஏழு வருசம் ஆச்சுலே கடை திறந்து! பொங்கலப் பாரு" என்று போனைத் திருப்பிக் காட்டினேன். மறுபடி என் பக்கம் திருப்பியபோதுதான் அவனைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. சிரித்தான். அவனுக்குப் பின்னால் வெள்ளையடித்த சுவர். கீழே கறுப்பு விரிப்பு. அதில் நான்கு பெண்கள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கை வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

அது என்ன இடம் என்று எனக்கு உறைக்க ஒரு நொடி ஆனது. மருந்து அடைக்கிற அறைக்குள் நின்று என் தம்பி போன் பேசிக்கொண்டிருக்கிறான். கூப்பிட்டவள் நான்.

கத்த வேண்டும் என்று வாய் வரை வந்தது. கத்தினால் பதறுவான், பதறினால் போன் கை நழுவும். நழுவினால் எங்கே விழும்? போனைத் துண்டித்துவிடலாமா என்று நினைத்தேன். துண்டித்தால் அங்கேயே நின்று திருப்பிக் கூப்பிடுவானே. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு சிரிப்பை நான் சிரித்ததில்லை.

"தம்பி, உன் மூஞ்சி சரியாத் தெரியல. இருட்டா இருக்கு. வெளிய வா."

"நல்லாத்தான தெரியுது? இங்கன வெளிச்சமாத்தான் இருக்கு."

"எனக்குத் தெரியலலே. அக்கா சொல்றேன்ல, மெதுவா வெளிய வா. போனைக் கெட்டியாப் பிடிச்சுக்க. வேற ஒண்ணும் தொடாத."

"என்னக்கா நீ, சின்னப்புள்ள மாதிரி" என்று சொல்லிக்கொண்டே திரும்பினான். நான் பேசுவதை நிறுத்தவில்லை. பொங்கலில் முந்திரி கருகிவிட்டது, இங்கே குளிர் தாங்கவில்லை, வெல்லம் நம் ஊர் வெல்லம் மாதிரி இல்லை என்று வாய்க்கு வந்ததை உளறினேன். நிலைப்படி தாண்டியது தெரிந்தது. மணல் போட்ட பாதை. அடுத்த அறை. அதற்கடுத்த அறை. "நிக்காத, கேட் வரைக்கும் வா, உனக்கு ஒரு சேதி சொல்லணும்" என்றேன். வேப்பமரம் தெரிந்தது. கேட் தெரிந்தது. வாட்ச்மேன் காளிராஜ் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"வெளிய வந்துட்டியா?"

"வந்துட்டேன். என்ன சேதி?"

"இப்ப நீ எங்கன இருந்து வாரன்னு திரும்பிப் பாருலே."

அவன் திரும்பிப் பார்த்தான். பிறகு கையிலிருந்த போனைப் பார்த்தான். அவன் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. போனைத் தரையில் வைத்துவிட்டான். எனக்கு வேப்பமரத்துக் கிளையும் வானமும் மட்டும் தெரிந்தன. அவன் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது.

4

காளிராஜ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததும் போனை எடுத்துப் பேசினான்.

"வாசல்ல வச்சுட்டேன்னுதான் நெனச்சேன்க்கா. சாமி சத்தியமா. டீலர்கிட்ட பேசிக்கிட்டே வந்தேன். அப்படியே சட்டைப்பையில போட்டுட்டுப் போயிட்டேன் போலருக்கு. அடிச்சதும் கை தானா எடுத்துருச்சு."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. தெரிந்து தப்புப் பண்ணுகிறவனைத் திட்டலாம். தெரியாமலே கை போகிறவனை என்ன செய்வது? பிறந்ததிலிருந்து அந்த வாசலைப் பார்த்து வளர்ந்தவன். வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் வருடாவருடம் பாதுகாப்புப் பாடம் எடுப்பவன்.

"காளிராஜ் அண்ணே, நீங்க மடி பாக்கலையா?" என்று நான் கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "போர்மேன் போனதுல இருந்து மொதலாளி உள்ள வெளிய உள்ள வெளியன்னு அலையுறாக தாயி. எத்தனை வாட்டி நிப்பாட்டுறது? மொதலாளியப் போயி..." என்று இழுத்தார்.

அதற்குள் அறையிலிருந்த மாரியம்மா வெளியே வந்துவிட்டார். அப்பா காலத்திலிருந்து வேலை பார்ப்பவர். "நாங்களும் பாத்தோம்" என்றார் மெதுவாக.

தம்பி அவர் பக்கம் திரும்பினான். "பாத்துட்டுச் சொல்ல வேண்டாமாக்கா? ஒரு வார்த்தை?"

"நேத்து அந்தக் கத்து கத்துனீகள்ல மொதலாளி. திரி சரியில்லன்னு சொன்னதுக்கு, எனக்கே சொல்லித்தாரியான்னு வஞ்சீக. அதான் ஒருத்தியும் வாயத் தொறக்கல. வெரசா முடிச்சுட்டு எந்திரிச்சிருவோம்னு பாத்தோம்."

அவர்கள் கை ஏன் அப்படி ஓடியது என்று எனக்கு இப்போது புரிந்தது. உயிருக்குப் பயந்து நான்கு பெண்கள் வேகவேகமாக மருந்து அடைத்திருக்கிறார்கள். போனைப் பார்த்துப் பயம். அதைச் சொல்ல இவனைப் பார்த்து அதைவிடப் பயம்.

தம்பி மாரியம்மாவைக் கும்பிட்டான். எல்லோரையும் வெளியே வரச்சொல்லி, அன்றைக்கு வேலையை நிறுத்தினான். பிறகு என் பக்கம் திரும்பினான். என்னை உற்றுப் பார்த்தான்.

"அக்கா, நீ எங்கன நிக்குற?"

"கடையிலதான்."

"உனக்குப் பின்னாடி இருக்குறது கட்டிங் மிஷினுதான? நான் எடுத்தப்ப கத்தி இறங்குற சத்தம் கேட்டுச்சு. உன் கையில போனு இருந்துச்சு. அப்ப எப்படி வெட்டுன?"

அச்சுத் தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த மிஷினில் இரண்டு பொத்தான்கள் இருக்கும், ஒன்றுக்கொன்று தள்ளி. இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு கையால் அழுத்தினால்தான் கத்தி இறங்கும். கத்தி இறங்கும்போது கை இரண்டும் வெளியே இருக்க வேண்டும் என்பதற்காக அப்படி. விரல் போன கட்டிங்காரர்களை சிவகாசியில் சின்ன வயதிலிருந்தே பார்த்தவர்கள் நாங்கள்.

என் கண் தானாக வலது பக்கப் பொத்தானுக்குப் போனது.

"ஒரு பொத்தானை அமுக்கி டேப் ஒட்டி வச்சிருக்கியா?"

போனை மறு கைக்கு மாற்றினேன்.

"சொல்லுக்கா."

"ஆமாலே. போன் வந்துக்கிட்டே இருக்கு. ஒரு கை வேண்டியிருக்கு."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து என் தம்பி விசும்பி அழுதான். "என்னைய வெளிய வரச்சொன்னியே, நீயும் தள்ளி நில்லுக்கா. அந்த மிஷினை விட்டுத் தள்ளி நில்லு."

இரண்டடி தள்ளி நின்றேன். தள்ளி நின்று பார்த்தபோதுதான் அந்த டேப் எவ்வளவு அழுக்கேறிப்போயிருக்கிறது என்று தெரிந்தது. எத்தனை மாதமாக ஒட்டியிருந்தேனோ.

5

அழுகைச் சத்தம் கேட்டு யாழினி ஹெட்போனைக் கழற்றிவிட்டு வந்தாள். "மாமா ஏன் அழறாரு?" என்றாள். சொன்னேன். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. நேராகப் போய் மிஷின் சுவிட்சை அணைத்தாள். டேப்பை நகத்தால் சுரண்டிச் சுரண்டி உரித்தாள். பசை போகவில்லை. கையில் கிடைத்த ஏதோ துணியால் தேய்த்தாள்.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்மா."

"சொல்லலையே?"

"சொன்னா நீ கத்துவ."

மாரியம்மா நாரணாபுரத்தில் சொன்ன அதே பதில். யாழினி விலகிப் போகிறாள், நம் மொழி வேண்டாம், நம் கடை வேண்டாம் என்று ஒதுங்குகிறாள் என்று ஊரில் எல்லோரிடமும் புலம்பியிருக்கிறேன். பிள்ளை என் மூஞ்சிக்குப் பயந்து ஒதுங்கியிருந்திருக்கிறாள். டாக்டரம்மாவின் துண்டுப்பிரசுரத்தில் இதெல்லாம் இருந்ததோ என்னவோ, நான் எங்கே படித்தேன்?

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. தம்பி போர்மேன் கிடைக்கும்வரை பாதி அறைகளைப் பூட்டிவிட்டான். காலையில் யார் கூப்பிட்டாலும் போன் எடுப்பதில்லை, வெயில் ஏறி வெளியே வந்த பிறகுதான் பேசுவேன் என்று டீலர்களிடம் சொன்னான். பெரிய டீலர் ஒருவர் கோபித்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். "போனாப் போகட்டும்" என்றான். சொன்ன குரலில் தெம்பில்லை. நானும் புதன்கிழமை கடை கிடையாது என்று எழுதி மாட்டினேன். முதல் புதன்கிழமை வீட்டில் உட்கார்ந்து, கடை வாசலில் யார் யார் வந்து திரும்பிப் போகிறார்களோ என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஓய்வெடுப்பது இவ்வளவு கஷ்டம் என்று யாரும் சொல்லவில்லை.

ஜெயந்தி இப்போது அடிக்கடி கூப்பிடுகிறாள். "மதினி, கேளுங்க கூத்தை. உங்க தம்பி காலைல கையத் தூக்கிக்கிட்டுப் போயி காளிராஜ் அண்ணன் முன்னாடி நின்னாகளாம். அவரு ரெண்டடி பின்னாடி போயிட்டாராம், மொதலாளிய எப்படித் தொட்டுப் பாக்கன்னு. பாக்குறியா இல்லையான்னு இவுக கத்துனாகளாம். இனிமே கத்தமாட்டேன்னு முந்தின நாள்தான் சாமி முன்னாடி சொன்னாக!"

சிரித்தேன்.

6

நேற்று மதியம் என்னையறியாமல் தம்பிக்குப் போன் போட்டுவிட்டேன். கை பழக்கம். அவனுக்கு அது வேலை நேரம் என்று போட்ட பிறகுதான் உறைத்தது. லேபிள் வெட்டப் போனவள் வெட்டவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்பதுதானே நாங்கள் பேசிக்கொண்டது. ஆனால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு, எடுக்காத போன் என்றால் வேறு அர்த்தமும் உண்டு. சத்தம் கேட்டவுடன் ஊர் மொத்தமும் உள்ளே இருக்கிற தன் ஆளுக்குப் போன் போடும். மணி அடிக்கும். அடித்துக்கொண்டே இருக்கும்.

நின்றுவிட்டது. மறுபடி போட்டேன். போடக் கூடாது என்று தெரிந்தே போட்டேன். நெஞ்சு ஓட ஆரம்பித்தது.

கடைசி மணிக்கு யாரோ எடுத்தார்கள்.

"ஆரு? மெல்பர்ன் தாயியா? நாந்தேன், காளிராஜ்."

"அண்ணே! தம்பி எங்கன?"

"உள்ள இருக்காக. போனு இங்கன என் பொட்டிக்குள்ள கெடக்கு. அடிக்குது, எடுக்கலாமா கூடாதான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். மொதலாளிய மடி பாத்துத்தான் உள்ள விட்டேன் தாயி. ரெண்டு பையும் தட்டிப் பாத்துட்டேன். என்ன சேதி? கூப்பிடவா?"

"வேண்டாம்ண்ணே. கூப்பிடாதீங்க. ஒரு சேதியும் இல்ல."

போனை யாழினியின் கவுண்டரில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். மிஷின் முன்னால் நின்று இரண்டு கையையும் இரண்டு பொத்தான்மேல் வைத்தேன். வலது பக்கப் பொத்தானில் பசை இன்னும் ஒட்டியது. நெஞ்சு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அது அடங்கும்வரை நான் அழுத்தவில்லை.